காவடி வீடியோ திறக்கவில்லையா? மெமரி கார்டை அழித்துவிடாதீர்கள்!

(திரை: கறுப்புப் பின்னணி. "இந்தக் கோப்பைத் திறக்க இயலவில்லை" என்ற ஒரு வரி.)

விடியற்காலையிலிருந்து வெயிலில் நின்று எடுத்த காவடி. எடிட்டிங் மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டால் இந்த ஒரு வரிதான் பதில். பதற வேண்டாம். பெரும்பாலும் உங்கள் வீடியோ பத்திரமாகத்தான் இருக்கும். மென்பொருளுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வணக்கம். மொரீஷியஸ், காத்ர் போர்னிலிருந்து பேசுகிறேன். கோர் தெ கார்ட் மலை முருகன் கோவில் தைப்பூசத்தை எங்கள் வீட்டில் மூன்று பேர் படம் பிடித்தோம். மாமாவிடம் பழைய கேம்கார்டர், தம்பியிடம் கைபேசி, என்னிடம் புதிய கேமரா. மூன்றும் மூன்று விதமாக முரண்டு பிடித்தன.

முதலில் அடிப்படை, வேகமாக. எம்டிஎஸ், எம்ஓவி, எம்பி4 என்ற கோப்பு வகைகள் வெறும் பாத்திரங்கள். உள்ளே படத்தைச் சுருக்கி வைக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். பாத்திரத்தின் பெயரை மாற்றி எழுதினால் உள்ளே இருப்பது மாறாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

(திரை: வாழை இலை, ஏழு கறி.)

காவடி முடிந்து பந்தியில் உட்கார்கிறோம். முதலில் இலையில் சோறு, ஏழு கறி, ரசம் எல்லாம் வருகின்றன. அடுத்த சுற்றில் பரிமாறுபவர் என்ன செய்கிறார்? எது தீர்ந்ததோ அதை மட்டும் வைக்கிறார். எச்.264, எச்இவிசி என்ற இரண்டு கோடெக்குகளும் படத்தை இப்படித்தான் சேமிக்கின்றன. குறிப்பிட்ட சில சட்டகங்களுக்கு (ஃபிரேம்களுக்கு) ஒரு முறை ஒரு முழு இலை. நடுவில் இருப்பவற்றில் "பூசணிக்காய் கொஞ்சம் கூடியது, ரசம் குறைந்தது" என்ற மாற்றக் குறிப்பு மட்டுமே. அதனால்தான் ஒரு மணி நேரப் படம் சின்னக் கார்டில் அடங்குகிறது.

ஆனால் எடிட் செய்பவர் பந்தியின் நடுவே நுழைந்து "இந்த நொடியில் இலையில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார். கணினி கடைசி முழு இலைக்கு ஓடிப்போய் அங்கிருந்து ஒவ்வொரு சுற்றாகக் கூட்டிக் கழித்து வர வேண்டும். சில சட்டகங்கள் அடுத்து வரப்போகும் சுற்றையும் பார்த்து எழுதப்பட்டவை! படம் திக்கித் திணறுவது இதனால்தான்.

தீர்வு: புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் கோடெக்குக்கு மாற்றுங்கள். அவற்றில் ஒவ்வொரு சட்டகமும் முழு இலை. இதற்கு விலை: வட்டில் கூடுதல் இடம். நொடிக்கு 24 மெகாபிட் கேம்கார்டர் படம் ஒரு மணிக்கு சுமார் 11 ஜிகாபைட் என்றால், புரோரெஸ் 422-இல் சுமார் 55. வட்டு வாங்கும் காசு, எடிட்டிங்கில் மிச்சமாகும் இரவுகளுக்கு ஈடு என்றே நான் சொல்வேன்.

என் கேமராவின் 10 பிட் எச்இவிசிக்கு இதுவே மருந்து.

கைபேசிக்கு வேறு நோய். அது நொடிக்கு ஒரே எண்ணிக்கையில் சட்டகங்களை எடுப்பதில்லை. தொடக்கத்தில் தவில் அடி சரியாக விழுகிறது. இருபதாவது நிமிடத்தில் கை முன்னே போகிறது, ஒலி பின்னே வருகிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் "மாறாத சட்டக வேகம்" என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மாமாவின் கேம்கார்டர் ஏவிசிஎச்டி. 2006-இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த வடிவம். அதில் ஒலி பெரும்பாலும் டால்பி ஏசி-3. எனவே சில மென்பொருள்களில் படம் வரும், நாதஸ்வரம் வராது. படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் பிசிஎம்-ஆக (சுருக்காத ஒலியாக) மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் சில நிமிடங்களில் முடித்துவிடும்.

நான் செய்த பிழை வேறு. மாமாவின் கார்டில் ஆழத்தில் இருந்த எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பிடுங்கி எடுத்தேன். நீண்ட காட்சியை கேமரா பல துண்டுகளாக வெட்டி எழுதியிருந்தது. அவற்றை ஒட்டும் விவரம் மற்ற போல்டர்களில் இருந்தது. பால்குடம் கோவில் படியேறும் இடத்தில், துண்டுகள் சேரும் புள்ளியில், நாதஸ்வரம் ஒரு கணம் அறுந்து போயிற்று. எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது.

மாமா கார்டை அழிக்கவில்லை. கார்டு முழுவதையும் ஒரு போல்டரும் விடாமல் நகலெடுத்து, மென்பொருளின் மீடியா உலாவி வழியாக மறுபடி இறக்கினேன். வெட்டிய இடமே தெரியவில்லை. பால்குடம் படியேறுகிறது, நாதஸ்வரம் நிற்காமல் ஒலிக்கிறது.

(திரை: அந்தக் காட்சி, முழு ஒலியுடன்.)