பேச ஓர் இடம்

நேயர்களுக்கு வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக மேல்நிலைப் பள்ளிகளில் மனநல ஆலோசகராக இருக்கிறேன்.

'கவுன்சிலிங்' என்றதும் பெற்றோருக்கு நினைவு வருவது பொறியியல் கலந்தாய்வு. மாணவர்களுக்கோ அது தண்டனை. சண்டை போட்டவனை, வகுப்பில் சத்தம் போட்டவனை அனுப்பிவைக்கும் இடம். சத்தமே போடாமல் உள்ளுக்குள் உடைந்துபோன பிள்ளையை யாரும் அனுப்புவதில்லை.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன், சில விவரங்களை மாற்றித்தான். பிளஸ் டூ. வாரத்தில் மூன்று நாள் தலைவலி. கண்ணைப் பரிசோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், குலதெய்வம் கோவிலுக்கும் போய் வந்தார்கள். தலைவலி போகவில்லை. என்னிடம் வந்தபோது நாங்கள் உட்காரக் கிடைத்தது வேதியியல் ஆய்வகத்தின் ஒரு மூலை. அவள் வாய் திறப்பதற்குள் கதவு திறக்கும். ஒருவர் பியூரெட் எடுக்க வருவார், ஒருவர் சாவி தேடி வருவார். அவள் சட்டென்று ரெக்கார்டு நோட்டை விரித்துக்கொள்வாள். இப்படியே மூன்று வாரம். நான்காவது வாரம் மைதானத்து வேப்பமரத்தடிக்குப் போனோம். அங்கே எல்லோரும் பார்க்கலாம், ஆனால் யாருக்கும் கேட்காது. அங்கேதான் சொன்னாள்: அப்பாவின் கடன், இரவெல்லாம் வீட்டில் சண்டை, "நீ டாக்டரானால்தான் இதெல்லாம் தீரும்" என்ற பேச்சு. மூன்று வாரம் அவள் இதைச் சுமந்துகொண்டு என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் போகிற இடமெல்லாம் கேட்கிறேன்: ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, சாத்திக்கொள்ள ஒரு கதவு.

அப்புறம், ரகசியம். "மிஸ், யாரிடமும் சொல்ல மாட்டீங்களே?" பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். எல்லாவற்றுக்கும் நான் வாக்குக் கொடுக்க முடியாது. பாலியல் கொடுமை என்று தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அப்படி. உயிருக்கு ஆபத்து என்றாலும் வீட்டுக்குச் சொல்லியாக வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். சில பிள்ளைகள் அதோடு எழுந்து போய்விடுவார்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வருவதும் உண்டு. வருகிற அன்று நான் அங்கே இருக்க வேண்டுமே! ஐந்தாறு பள்ளிகளுக்கு ஒரே ஆள் ஓடிக்கொண்டிருந்தால் எப்படி?

தேர்வு முடிவு நாளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. பெற்றோரே, மார்க் வந்த அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கை விசாரிக்காதீர்கள். அன்று இரவு உங்கள் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். மனநல உதவிக்கான அரசின் தொலைபேசிச் சேவை டெலிமானஸ், எண் 14416. 2022 முதல் இயங்குகிறது, கட்டணம் கிடையாது, நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம். பேனா தேடுகிறவர்களுக்காக இன்னொரு முறை: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.