தட்டணுக்களும் கல்லீரல் புற்றுநோயும்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. காய்ச்சல் வந்தால்தான் பலரும் இந்த எண்ணைத் தேடுகிறார்கள். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இது எப்போதும் முக்கியம்.

கல்லீரல் தழும்பேறி இறுகினால், குடலிலிருந்து வரும் ரத்தம் அதனுள் எளிதில் புக முடியாது. அழுத்தம் ஏறி மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தட்டணு உற்பத்தியைத் தூண்டும் திராம்போபாய்ட்டினும் பெரும்பாலும் கல்லீரலில்தான் சுரக்கிறது, அதுவும் குறையும். ஆகவே 1.5 லட்சத்துக்குக் கீழே இறங்கிய எண்ணிக்கை மாதக்கணக்கில் ஏறாமல் நின்றால், சிரோசிஸ், அதாவது கல்லீரல் முற்றிலும் தழும்பேறி இறுகிய நிலை, இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் முளைப்பது அங்கேதான்.

கல்லீரல் எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்று கணிக்க ஃபிப்-4 என்றொரு எளிய கணக்கு உண்டு. வயது 58, ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் நொதிகளான ஏ.எஸ்.டி. 80, ஏ.எல்.டி. 64, தட்டணுக்கள் 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 58-ஐ 80-ஆல் பெருக்கினால் 4640. தட்டணுக்களை ஆயிரங்களில் எடுத்தால் 100, 64-இன் வர்க்கமூலம் 8, பெருக்கினால் 800. 4640-ஐ 800-ஆல் வகுத்தால் 5.8. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு 2.67-ஐத் தாண்டினாலே தழும்பு முற்றியிருக்கலாம். ஒன்று கவனியுங்கள்: ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் சேர்த்த குழாயில் சிலரின் தட்டணுக்கள் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். கருவி குறைவாக எண்ணிவிடும். சந்தேகம் வந்தால் அதற்குப் பதிலாக சிட்ரேட் சேர்த்த குழாயில் மறுபடி எடுக்கச் சொல்லலாம்.

இதன் மறுபக்கம்தான் பலருக்கும் தெரியாதது. சிரோசிஸ் நோயாளிக்கு 80 ஆயிரமாக இருந்த எண்ணிக்கை, காரணம் எதுவும் தெரியாமல் 2.5 லட்சமாக ஏறினால் அதை நல்ல சேதி என்று விட்டுவிடக் கூடாது. சில கட்டிகள் தாமே திராம்போபாய்ட்டினைச் சுரக்கின்றன. பெரிய கட்டி உள்ளவர்களிடம் தட்டணுக்கள் கூடுதலாகக் காணப்படுவதும் உண்டு. தட்டணுக்கள் வெளிவிடும் வளர்ச்சிக் காரணிகள் கட்டிக்குப் புது ரத்தநாளங்களை முளைக்கச் செய்கின்றன. ரத்தத்தில் அலையும் புற்றணுக்களைச் சுற்றிப் போர்த்தி, எதிர்ப்பு அணுக்களின் கண்ணில் படாமல் மறைக்கவும் செய்கின்றன.

அப்படியானால் தட்டணுக்களின் வேலையைத் தடுக்கும் ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமா? மருத்துவர் சொல்லாமல் வேண்டவே வேண்டாம். சிரோசிஸில் பலருக்கு உணவுக்குழாய் ரத்தநாளங்கள் புடைத்திருக்கும். அவை கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

தட்டணு எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், சிரோசிஸ் உள்ளவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும், கூடவே கல்லீரல் புற்றுநோயில் கூடக்கூடிய ஏ.எஃப்.பி. என்ற புரதத்துக்கான ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. போகும்போது பழைய அறிக்கைகளையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். எண் எந்த மாதத்தில் திரும்பியது என்பதை மருத்துவர் அவற்றில்தான் பார்ப்பார்.