மூன்றாவதாக வரும் அந்தப் பெண்ணுக்கு ஒரு வரிகூட இல்லையா?

வணக்கம் மக்களே. இன்றைக்குப் போடுவதாகச் சொன்ன வீடியோ அடுத்த வாரம் வரும். இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசாமல் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

பாலிஅமொரி, சுருக்கமாகப் பாலி, அதாவது எல்லோருடைய சம்மதத்தோடும் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு காதல் உறவில் இருப்பது பற்றிய வழிகாட்டி இது. 'எல்லோருக்கும்' என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். பெயர் வேண்டாம், விலையை மட்டும் சொல்கிறேன். 899 ரூபாய். டெலிவரிக்கு 70. அதற்கு மேல் பேக்கிங் கட்டணமாம், 15. மொத்தம் 984 ரூபாய்! திருப்பி அனுப்பவும் முடியாது.

நான் எந்தப் புத்தகத்தையும் பின்னால் இருக்கும் சொல்லடைவிலிருந்துதான் தொடங்குவேன், உங்களுக்குத் தெரியும். லெஸ்பியன் என்று தேடினேன், ஒரே ஒரு பக்கம். திருநர், அதே பக்கம். ஏசெக்சுவல், அதாவது பாலியல் ஈர்ப்பு இல்லாதவர்கள், கிடையவே கிடையாது. மீதி முழுக்கக் கல்யாணமான ஓர் ஆணும் பெண்ணும்தான். சலிப்பு வருகிறது, பேசி முடிவெடுக்கிறார்கள், இருபாலீர்ப்புள்ள ஒரு பெண் மூன்றாவதாக வந்து சேர்கிறாள். மனைவிக்குப் பொறாமை வந்தால் என்ன செய்வது என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. வந்தவளுக்குப் பொறாமை வராதா? அவளுக்குக் காய்ச்சல் என்றால் யார் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள்? ஒரு வரி இல்லை. இப்படிப் பெண் தேடி அலையும் ஜோடிகளை 'யூனிகார்ன் வேட்டைக்காரர்கள்' என்று பாலி வட்டாரத்தில் எவ்வளவு காலமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்! எழுதியவருக்கு அது எட்டவே இல்லையா?

இதோ, இந்தக் கிழிந்த அட்டையைப் பாருங்கள். 'தி எதிகல் ஸ்லட்'. டோஸி ஈஸ்டன், ஜேனட் ஹார்டி என்ற இரண்டு குயர் (பால்புதுமை) பெண்கள் எழுதி 1997இல் வந்தது. பாலி பற்றிப் படிக்க வந்தவர்கள் பலருக்கும் இதுதான் முதல் புத்தகம். என்னிடம் இருப்பது 2009இல் வந்த இரண்டாம் பதிப்பு. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் எடுத்தேன். "350மா, இங்கிலீஷ் புக்கு" என்றார். "அண்ணா, அட்டையே தொங்குது" என்றேன். 300, 250 என்று இறங்கினார். நான் நகர ஆரம்பித்ததும் கூப்பிட்டு 180க்குக் கொடுத்தார்! இதில் லெஸ்பியன் பெண்கள், கே ஆண்கள், திருநர் என்று ஒவ்வொருவரிடமும் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். 180 ரூபாய்ப் புத்தகத்தில் இருப்பது 984 ரூபாய்ப் புத்தகத்தில் இல்லை.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. 1997இல் ஹார்டி கேதரின் லிஸ்ட் என்ற புனைபெயரில்தான் எழுதினார். பழைய பிரதி கிடைத்தால் வேறு புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம், இது சின்ன வீடு சமாசாரம்தானே என்று போன தடவை கேட்டிருந்தீர்கள். இல்லவே இல்லை. சின்ன வீட்டில் சம்மதம் கேட்கப்படாத ஒருத்தி எப்போதும் இருப்பாள். பாலியில் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் இருக்க வேண்டும்.

அந்த 899 ரூபாய் வழிகாட்டி ஒருவரோடு மட்டும் வாழ விரும்புகிறவர்களை நடத்தியிருக்கும் விதம் எனக்கு இன்னும் கோபத்தைத் தருகிறது. ஒருதுணை வாழ்க்கை என்றால் சமூகம் தட்டில் வைத்துக் கொடுத்ததாம். யாருக்குக் கொடுத்தது? 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்ததே, அன்றைக்கு இரண்டு பேராக வாழும் உரிமைக்குத்தானே அத்தனை ஜோடிகள் வழக்காடினார்கள்? நானும் என் துணைவியும் இரண்டே பேர்தான், எங்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. குயர் என்றால் பாலியாகத்தான் இருப்பார்கள் என்று எழுதுவதும், ஒருவரே போதும் என்பவர்களைப் பழமைவாதிகள் என்று எழுதுவதும் எனக்கு அறவே பிடிக்காது. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சொன்னது. வீட்டில் பிடித்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை மீட்க அவருடைய துணைவி போட்ட ஆட்கொணர்வு வழக்கு அது. ரத்த உறவாக இல்லாமல் நாமே தேர்ந்தெடுத்த குடும்பம் பற்றியும் நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு இந்த வழிகாட்டியைக் கையில் எடுத்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

யாரை விட்டுவிட்டோம் என்று எழுதும்போதே கேட்டால் திருத்திவிடலாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் சோமர்வில் என்று ஒரு நகரம். 2020 ஜூனில், கொரோனா நேரத்தில், கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு அங்கீகாரம் தர அங்கே ஒரு சட்டம் எழுதினார்கள். துணை ஆஸ்பத்திரியில் கிடந்தால் போய்ப் பார்க்க முடிய வேண்டும், அதுதான் பெரிய கவலை. வரைவில் இரண்டு பேர் என்று இருந்தது. ஏன் இரண்டு என்று ஜே.டி. ஸ்காட் என்ற கவுன்சிலர் கேட்டார். நல்ல பதில் இல்லை, இரண்டு பேருக்கு மேலும் இருக்கலாம் என்று மாற்றினார்கள், நிறைவேறிவிட்டது. அடுத்த வருடம் பக்கத்து ஊரான கேம்பிரிட்ஜும் அப்படியே செய்தது.

தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். மூன்றாவது ஆளாக இருந்தவர்கள், ஏசெக்சுவலாக இருந்துகொண்டே பாலியாக வாழ்கிறவர்கள், ஒருவரோடு நிற்கும் திருநங்கைகள், திருநம்பிகள், எழுதி அனுப்புங்கள். உங்கள் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல், இங்கே வாசிக்கிறேன். மெயில் முகவரி கீழே இருக்கிறது. ஊர் பெயரையும் எடுத்துவிட்டே அனுப்புங்கள்.