பகையாளியின் படையில் கோமாஞ்சிகள்

[திரையில்: டெக்சாஸ், நியூ மெக்சிகோ வரைபடம்]

கோமாஞ்சிகள், அப்பாச்சிகள் இரண்டும் அமெரிக்கப் பழங்குடிகள்; ஒருவருக்கொருவர் ஆகாது. 1700-களில் குதிரைகளோடு தெற்கே இறங்கிய கோமாஞ்சிகள்தான் அப்பாச்சிகளைச் சமவெளியிலிருந்து மலைப்பக்கம் விரட்டியவர்கள். அப்படியிருக்க, 1880-ல் விக்டோரியோ என்ற அப்பாச்சித் தலைவரின் படையில் சில கோமாஞ்சி வீரர்களும் இருந்தார்கள். எப்படி?

[திரையில்: பாலோ டூரோ பள்ளத்தாக்கு]

1874 செப்டம்பர் 28. அமெரிக்க ராணுவத்தின் கர்னல் மெக்கன்சியுடைய குதிரைப்படை, கோமாஞ்சிகள் தங்கியிருந்த இந்தப் பள்ளத்தாக்குக்குள் விடியற்காலையில் இறங்குகிறது. சண்டையில் இறந்தவர்கள் ஒருசிலர்தான். ஆனால் கூடாரங்களும் குளிர்காலத்துக்குச் சேர்த்த இறைச்சியும் எரிக்கப்பட்டன. பிடிபட்ட குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ராணுவம் சுட்டே கொன்றது. குதிரை இல்லாமல் கோமாஞ்சியால் வேட்டையாடவும் முடியாது, போரிடவும் முடியாது. காட்டெருமைகளையோ தோல் வியாபாரத்துக்காக வந்த வேட்டைக்காரர்கள் ஏற்கெனவே தீர்த்துக்கொண்டிருந்தார்கள். 1875 ஜூனில் கோமாஞ்சித் தலைவர் குவானா பார்க்கரும் சில் என்ற ராணுவக் கோட்டையில் சரணடைந்தார். இனி அரசு ஒதுக்கிய முகாமில்தான் வாழ்க்கை.

பல புத்தகங்கள் கதையை இங்கேயே முடித்துவிடும். எனக்கென்னவோ இதற்குப் பிறகுதான் சுவாரசியம்.

1876 டிசம்பரில் கருங்குதிரை என்ற கோமாஞ்சித் தலைவர், முகாமிலிருந்து வேட்டைக்கு அனுமதி வாங்கிக்கொண்டு சுமார் 170 வீரர்களோடும் குடும்பங்களோடும் கிளம்பினார். வேட்டையாட மந்தை எங்கே இருக்கிறது? கோபம் தோல் வேட்டைக்காரர்கள் மேல் திரும்பியது. 1877 மார்ச்சில் யெல்லோ ஹவுஸ் பள்ளத்தாக்கில் இரு தரப்பும் மோதின. அங்கே கோமாஞ்சிகளோடு நின்று போரிட்டவர்களில் ஜெர்மன் குடியேறிகளின் மகனான ஹெர்மன் லேமனும் ஒருவர். சிறுவனாக இருந்தபோது அவரை அப்பாச்சிகள் தூக்கிப்போய் வளர்த்தார்கள்; பிறகு அங்கிருந்து தப்பி வந்து கோமாஞ்சிகளோடு சேர்ந்தார். ஒரு கூட்டத்தை விட்டு இன்னொரு கூட்டத்தில் சேருவது அந்தப் பக்கத்தில் அதிசயம் இல்லை.

அந்தக் கோடையில் குவானாவே நேரில் போய்ப் பேசி, வெளியே இருந்தவர்களை முகாமுக்கு அழைத்து வந்தார். அடங்காத மனம் உள்ளவனுக்கு அதன் பிறகு சமவெளியில் ஒளிய இடம் இல்லை. மிச்சம் இருந்தது மேற்கே, பேகோஸ் ஆற்றைத் தாண்டி, மெஸ்கலேரோ அப்பாச்சிகளின் மலைகள்.

[திரையில்: நீர்ச்சுனைகள் குறிக்கப்பட்ட வரைபடம்]

1879-ல் விக்டோரியோ ராணுவத்தை எதிர்த்துக் கிளம்பியபோது மெஸ்கலேரோக்கள் பலர் அவரோடு போனார்கள். கூடவே அந்தச் சில கோமாஞ்சிகளும். இதைப் பெரிய கூட்டணி என்று ஊதவேண்டாம். கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான்.

அவர்களை மலையில் துரத்திப் பிடிக்க முடியாது என்று அமெரிக்க ராணுவத்தின் கர்னல் கிரியர்சனுக்குப் புரிந்தது. அதனால் மேற்கு டெக்சாஸின் நீர்ச்சுனைகளில் முன்கூட்டியே படையை உட்காரவைத்தார். 1880 ஆகஸ்ட் 6 அன்று ராட்டில்ஸ்நேக் ஊற்றில் விக்டோரியோவின் ஆட்களுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. மெக்சிகோவுக்குத் திரும்பினார்கள். அக்டோபர் நடுவில், சிவாவா மாநிலத்தின் த்ரெஸ் காஸ்தியோஸ் குன்றுகளில் ஹோவாக்கின் தெராசாஸின் மெக்சிகோ படை அவர்களைச் சுற்றி வளைத்தது. விக்டோரியோவும் வீரர்களில் பெரும்பாலோரும் அங்கே இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் சிறைபிடிக்கப்பட்டார்கள்.

அன்று அந்தக் குன்றுகளில் சிக்காமல் தப்பிய நானா என்ற அப்பாச்சிக் கிழவர், மறு வருஷமே நியூ மெக்சிகோவுக்குள் புகுந்து தாக்க ஆரம்பித்தார். அவருக்கு அப்போது எழுபதுக்கு மேல் வயது.