பாண்டாவைப் பார்க்கப் போகும் வழியில்

நேயர்களுக்கு வணக்கம்.

பாண்டா பிடிக்கும் என்று சொன்னால் போதும், கேட்பவர்கள் இரண்டு கேள்விகளைத் தயாராக வைத்திருப்பார்கள். "நாள் முழுக்கத் தின்கிறது, தூங்குகிறது. அதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்பது ஒன்று. இன்னொன்று என் சித்தப்பா கேட்பது: "ஏம்மா, இந்த ஒரு கரடிக்குக் கொட்டுற காசுல எத்தனை பிராணியைக் காப்பாத்தலாம்?" முதல் கேள்வி சுலபம். சித்தப்பாவுக்குப் பதில் சொல்லத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

சிங்கப்பூரில் மண்டாயில் இருக்கும் ரிவர் வொண்டர்ஸ் விலங்குத் தோட்டத்துக்குப் போய், காய் காய் என்ற ஆண் பாண்டா மூங்கில் சாப்பிடும் நேரத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளும். தண்டைக் கையில் பிடித்துக் கடைவாயில் கொடுத்துப் பச்சைத் தோலை உரிக்கும். உரித்த தோல் எல்லாம் வயிற்றின் மேலேயே விழும். கட்டைவிரல் போலத் தெரிவது விரலே இல்லை, மணிக்கட்டு எலும்பு ஒன்று பெரிதாக வளர்ந்திருக்கிறது. ஐந்து விரலுக்கு மேல் அது ஆறாவது. இலை தின்பதுதான் எனக்கு இன்னும் பிடிக்கும். ஒவ்வோர் இலையாகக் கடித்து, விழுங்காமல் வாயோரத்தில் சேர்த்துக்கொண்டே போகும். ஒரு கட்டு சேர்ந்ததும் அதைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு, வெற்றிலை போடும் பாட்டியின் நிதானத்தோடு கடித்து மெல்லும்.

இவ்வளவு தின்பதற்குக் காரணம் உண்டு. பாண்டா கரடி இனம். அதன் குடல் மாமிசம் தின்னும் விலங்கின் குடல். தின்கிற மூங்கிலில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிப்பதில்லை. அதனால் நாளுக்குப் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாமல், சில சமயம் முப்பது கிலோவையும் தாண்டித் தின்ன வேண்டியிருக்கிறது. மிச்ச நேரத்தில் தூங்காமல் வேறு என்ன செய்யும்?

காய் காயும் அதன் ஜோடி ஜியா ஜியாவும் 2012 செப்டம்பர் 6ஆம் தேதி சீனாவின் செங்டுவிலிருந்து இங்கே வந்து சேர்ந்தன. கூடத்துக்குள் குளிரூட்டி வைத்து, விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, பருவமே மாறாத நம் ஊரில் அவற்றுக்கு மட்டும் ஒரு குளிர்காலத்தையும் வசந்தத்தையும் உண்டாக்குகிறார்கள். பெண் பாண்டா ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, அதுவும் ஓரிரு நாள்தான் கருத்தரிக்கும். 2015இல் தொடங்கி வருடா வருடம் குட்டிக்காக முயன்று, ஏழாவது இனப்பெருக்கப் பருவத்தில், 2021 ஆகஸ்ட் 14 அன்று லெ லெ பிறந்தான். பிறந்தபோது எடை சுமார் 200 கிராம். தாய் ஜியா ஜியாவின் எடையோ கிட்டத்தட்ட நூறு கிலோ. பெயருக்கு மக்களே வாக்களித்தார்கள். ஆனால் ஒப்பந்தப்படி குட்டியும் சீனாவுக்கே சொந்தம். 2024 ஜனவரியில் லெ லெ கிளம்பிப் போனான்.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் குளிர்மலைக் கரடியை வைத்திருப்பது சரியா என்றால், ரசிகையான எனக்கே அதில் முழு நிம்மதி இல்லை. இங்கே இருந்த பனிக்கரடி இனுக்கா 2018இல் இறந்த பிறகு, இனிப் பனிக்கரடி வேண்டாம் என்றிருக்கிறது விலங்குத் தோட்டம். அது சரியான முடிவு. பாண்டா விஷயத்தில் நான் சமாதானம் ஆவதற்குக் காரணம், இந்த ஏற்பாட்டால் அதன் காட்டுக்குக் கிடைக்கும் பணம்தான்.

சித்தப்பா கேட்ட காசு இதுதான். 1984 வாக்கில் சீனா பாண்டாவை அன்பளிப்பாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, இரவல் கொடுக்கத் தொடங்கியது. வெளிநாட்டுத் தோட்டங்கள் ஒரு ஜோடிக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை தருவது உண்டு. அந்தப் பணம் பாதுகாப்புப் பணிகளுக்கு என்றே வாங்கப்படுகிறது. ஆனால் பாண்டாவைக் காப்பாற்றியது தோட்டத்தில் பிறந்த குட்டிகள் என்று நினைத்துவிடக் கூடாது. காப்பாற்றியது காடு. 1998இல் யாங்சி ஆற்றில் பெருவெள்ளம். மலையில் மரத்தை வெட்டித் தீர்த்ததும் ஒரு காரணம் என்று, அங்கே இயற்கைக் காட்டில் மரம் வெட்டத் தடை வந்தது. சரிவு நிலத்தில் பயிர் வைப்பதை விட்டு மரம் நட்ட விவசாயிகளுக்கு அரசாங்கம் தானியமும் பணமும் கொடுத்தது. 1980களில் சுமார் 1,100 என்று கணக்கிடப்பட்ட காட்டுப் பாண்டாக்கள், 2015இல் வெளியான கணக்கெடுப்பில் 1,864. மறு ஆண்டே, அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்ற நிலையிலிருந்து ஒரு படி கீழே, பாதிக்கப்படக்கூடிய இனமாக, ஆபத்தில் உள்ள உயிரினங்களின் உலகப் பட்டியல் அதை மாற்றியது.

அப்புறம் என்ன கவலை என்றால், காடு துண்டு துண்டாகக் கிடக்கிறது. அந்த 1,864 பாண்டாக்களும் 33 கூட்டங்களாகப் பிரிந்திருக்கின்றன. பல கூட்டங்களில் பத்துப் பாண்டாகூட இல்லை. மூங்கிலுக்கு ஒரு குணம் உண்டு: பல ஆண்டுகளுக்கு ஒரு முறை மலை முழுக்க ஒரே சமயத்தில் பூத்து, மொத்தமாகப் பட்டுப்போகும். பழைய காலத்தில் பாண்டா எழுந்து அடுத்த பள்ளத்தாக்குக்கு நடந்துவிடும். வழியில் சாலையும் வயலும் ஊரும் வந்த பிறகு எங்கே போகும்? 1970களின் நடுவில் நூற்றுக்கும் மேற்பட்டவை பட்டினியில் இறந்தன. அதனால் இப்போது துண்டுக் காடுகளை இணைக்கும் வழித்தடங்களை அமைக்கிறார்கள். 2021இல் பல காப்பகங்களைச் சேர்த்து ஒரே தேசியப் பூங்கா ஆக்கியதும் இதற்காகத்தான்.

இதைக் கேட்டுவிட்டு 138ஆம் எண் பேருந்தில் மண்டாய்க்குப் போனால், தலைக்கு மேலே செடி கொடியோடு ஒரு பாலம் வரும். மனிதர் நடக்க அல்ல, விலங்குகளுக்காகக் கட்டியது. 2019இல் திறந்தார்கள். சாம்பார் மானும் எறும்புத்தின்னியும் சருகுமானும் சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக அதுதான் வழி. புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேலே அதற்கும் முன்பே, 2013இல், ஒன்று கட்டினார்கள். பாண்டா வாழும் சீனாவின் சிச்சுவான் மலைக்குச் செய்யும் வைத்தியம்தான் இது, நம் ஊர் அளவில். பாண்டாவைப் பார்க்கும் அவசரத்தில் பாதிப் பேர் அதைக் கவனிப்பதே இல்லை.

சித்தப்பாவின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பாண்டாவுக்காகக் காட்டைக் காத்தால் மற்ற எல்லாமும் பிழைக்கும் என்று சொல்லி வந்தோம். 2020இல் வந்த ஓர் ஆய்வு, பாண்டாக் காடுகளில் சிறுத்தையும் ஓநாயும் செந்நாயும் முன்பு இருந்த இடங்களில் பெரும்பாலானவற்றிலிருந்து காணாமல் போய்விட்டன என்று காட்டியது. பறவைகளுக்கும் சிறு விலங்குகளுக்கும் பலன் உண்டு. பெரிய வேட்டை விலங்குக்கு அந்த இடம் போதவில்லை.

அதனால் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதே கூடத்தில் செம்பாண்டாவும் இருக்கிறது. பெயரில்தான் பாண்டா, குடும்பமே வேறு. பெரிய பாண்டாவைவிட அதற்குத்தான் இன்று ஆபத்து அதிகம், இன்னும் அழியும் ஆபத்தில் உள்ள இனம்தான். அதன் முன்னாலும் கொஞ்சம் நில்லுங்கள். படம் எடுக்க முண்டியடிக்க வேண்டியதில்லை, இடம் தாராளமாக இருக்கும்.

நன்றி, வணக்கம்.