லேஅவுட் வருகிறது: ஊராட்சியின் பிடி எங்கே இருக்கிறது?

(திரையில்: வயலுக்குள் நடப்பட்ட வெள்ளை மனைக்கற்கள்)

ஊர் எல்லையில் 10 ஏக்கர் நஞ்சை மனைப்பிரிவாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னைப் பெருநகர எல்லைக்கு வெளியே என்றால் டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககம், தருவது தொழில்நுட்ப அனுமதி மட்டுமே. இறுதி அனுமதி உள்ளாட்சியுடையது. 'டிடிசிபி நம்பரே வந்தாச்சு, இனி என்ன' என்று பல ஊராட்சிகளில் அந்தக் கையெழுத்து சடங்காகிவிட்டது. ஊரின் பிடி இருப்பதோ அங்கேதான். அதன் பிறகு நீதிமன்றம்தான்.

(திரையில்: புலப்படம், ஒரு வாய்க்கால் கோடு சிவப்பில்)

முதலில் அந்த சர்வே எண்ணின் புலப்படத்தையும் (அளவுகளோடு கூடிய நில வரைபடம்) அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகை, உரிமை சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) அரசின் இ-சேவை தளத்தில் இறக்குங்கள். பதிவேட்டில் ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று தனி எண் இருந்தால் சிக்கல் குறைவு. அது அரசு நிலம், மனையாக்க முடியாது. தொல்லை தருவது பட்டா நிலத்துக்குள் ஓடும் வாய்க்கால். அதற்குத் தனி உட்பிரிவு இருக்காது, பதிவேட்டிலும் வராது. ஆனால் அதுதான் கீழேயிருக்கும் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால். வரைபடம் போடுபவர் அந்தக் கோட்டை விட்டுவிட்டால் அதன் மேல் மனை விழுந்துவிடும். அதனால் புலப்படத்தோடு நிற்காமல் கிராம வரைபடத்தை வைத்து, வாய்க்கால் ஏரியில் சேரும் இடத்திலிருந்து மேல்நோக்கி நடந்து பாருங்கள்.

'வாய்க்காலை மூடவில்லை, குழாய் போடுகிறோம்' என்பார்கள். கணக்குப் போடுவோம். 3 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள வாய்க்காலின் குறுக்குவெட்டு 3 சதுர மீட்டர். 600 மில்லிமீட்டர் குழாய் இரண்டு வைத்தாலும் 0.57 சதுர மீட்டர்தான், ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் பிளாஸ்டிக் குப்பை அடைத்துக்கொள்ளும். பெட்டி வடிவக் கல்வெர்ட், வாய்க்காலின் முழு அகலத்துக்கு என்று நிபந்தனையில் எழுத வேண்டும்.

10 ஏக்கரில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 20 லட்சம் லிட்டர். வரப்பு கட்டிய வயல் அதில் பெரும்பகுதியைத் தேக்கி வைக்கும். மொட்டை மாடியும் சிமெண்ட் சாலையும் வந்தபின் பாதிக்கு மேல் உடனே ஓடிவிடும், அதுவும் அந்தக் குழாயைத் தேடி.

(திரையில்: மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி)

குடிநீருக்கு வருவோம். சாலைக்கு 3 ஏக்கர், பொது இடம் போக, 1,200 சதுர அடியில் சுமார் 220 மனை தேறும். வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்ட அளவான 55 லிட்டர் என்றாலே நாளுக்கு 48,000 லிட்டருக்கு மேல். ஊரில் இருப்பது 30,000 லிட்டர் தொட்டி என்றால்? பதில் ஆழ்துளைக் கிணறுதான். 2003-இல் வந்த மாநில நிலத்தடி நீர்ச் சட்டம் 2013-இல் திரும்பப் பெறப்பட்டது. இப்போது அரசாணைகளை வைத்துத்தான் ஓட்டம். உங்கள் குறுவட்டத்தில் (பிர்க்கா) நிலத்தடி நீர் எடுப்பு, ஊறும் அளவில் 100 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் அது 'அதிநுகர்வு' வகை. அந்தத் தகவலும் கோப்பில் இருக்கட்டும்.

அடுத்தது பூங்கா இடம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை நிலமாகவே தர வேண்டும். பணமாகத் தர முடியாது. நம் கணக்கில் 70 சென்ட். சாலையும் அந்த 70 சென்ட்டும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிவாகும். பெரும்பாலும் கோட்டை விடுவது அதற்கப்புறம்தான். பத்திரம் பீரோவில் இருக்கும், பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே ஓடும். பத்து வருடம் கழித்து அவர் வாரிசு அதை மனையாக விற்பார். உட்பிரிவு செய்து பட்டாவை ஊராட்சி பெயருக்கு மாற்றும் வரை பொது இடம் கைக்கு வந்ததாகக் கணக்கில் எடுக்காதீர்கள். பழைய லேஅவுட்டுகளுக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

கிராம சபைத் தீர்மானம் அனுமதியைத் தானாக ரத்து செய்யாது. ஆனால் கையெழுத்துக்கு முன் கோப்பில் ஏறினால் கனம் உண்டு. 'ஏரியைக் காப்போம்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. சர்வே எண், வாய்க்காலின் அகலம், என்ன நிபந்தனை, எந்த அலுவலருக்கு நகல் என்று எழுதுங்கள். ஏரியின் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 100 ஏக்கருக்கு மேல் என்றால் நகல் நீர்வளத் துறைக்கு. குறைவென்றால் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்துக்கு. தீர்மானப் பதிவேட்டில் எழுதியதைக் கூட்டத்திலேயே வாசிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.