350 வெள்ளி, நான்கு மணி நேரம், ஒரு லயத்து வீடு

வணக்கம். படம் கொஞ்சம் ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை அரிசி டின்னின் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன்.

முதலில் என் கையில் இருப்பதைப் பாருங்கள். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டினேன். ஒருவன் சிகரெட் சாம்பல் தட்டும் கிண்ணம் என்றான், இன்னொருத்தி அகல்விளக்கு என்றாள். இது மங்கு. பால் வடிவதற்காக ரப்பர் மரத்தில் கம்பி கட்டி மாட்டுவார்களே, அந்த மங்கு. உள்ளே பளபளப்பு, வெளியே சொரசொரப்பு. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. அடிப்பக்கத்தைத் திருப்புகிறேன், தெரிகிறதா? காய்ந்த பால் கறுத்துப்போய்த் தோல் மாதிரி ஒட்டியிருக்கிறது. நகத்தால் நெம்பினால் இழுபடுகிறது, அறுபட மறுக்கிறது.

போன சனிக்கிழமை நாங்கள் எடுத்த பாட்டுக் காணொளியில் இந்த மங்கு நான்கு வினாடி வருகிறது. பார்த்தவர்கள் எல்லாம் இதைத்தான் பேசுகிறார்கள். 80 வெள்ளி, அதாவது ரிங்கிட், கொடுத்துத் துணி வாங்கி ராத்திரி முழுக்கத் திரைச்சீலை தைத்தேன், அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

விஷயம் இதுதான். நம் ஊர்த் தம்பி ஒருவன் தன் அம்மாவைப் பற்றிப் பாட்டு எழுதி, தானே பாடியிருக்கிறான். அம்மா 1987இல் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். பாட்டு 3 நிமிடம் 40 வினாடி. மொத்தப் பணம் 1,500 வெள்ளி. கேமரா வாடகை, லோரி, பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு போக, இடத்தைச் சிங்காரிக்கிற என் பங்குக்கு வந்தது 350. ஆட்கள் இன்னும் குடியிருக்கிற ஒரு பழைய லயத்து வீட்டை, தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டியதில் ஒன்றை, பகல் 12 மணிக்குக் கொடுத்தார்கள். 4 மணிக்கு முதல் காட்சி. இந்தப் பக்கத்தில் 4 மணிக்கு மழை வரலாம், ஏழேகாலுக்கு மேல் வெளிச்சம் சட்டென்று விழுந்துவிடும். அந்தி மயங்குவதை நின்று ரசிக்கும் வசதியெல்லாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்குக் கிடையாது.

தம்பி வந்ததும் சொன்ன முதல் வார்த்தை: “அக்கா, வீடு முழுக்கப் பழைய காலமாக மாற்றிவிடுங்கள்.” வீடு முழுக்க மாற்ற எனக்குப் பைத்தியமா? “நீ கேமராவை எங்கே வைக்கப் போகிறாய், அதைச் சொல்” என்றேன். யோசிக்கவே இல்லை என்றான். அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். பாட்டை ஓடவிட்டு, எந்த வரிக்கு அம்மா எங்கே இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே போனதில் மூன்று இடம் தேறியது: அடுப்படிச் சுவர், சன்னலோரம், முன்வாசல் படி. ஒவ்வோர் இடத்திலும் கேமராவை வைத்துப் பார்த்து, படம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அங்கே தரையில் வெள்ளை நாடா ஒட்டினேன். நாடாவுக்கு உள்ளே 1987. வெளியே தலைக்கவசம், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், வயர், குளிர்பானப் பெட்டி, என் செருப்பு. அடுப்படியில் உள்ளே வந்த சுவர் எவ்வளவு தெரியுமா? ஏழு அடிக்கு ஆறு அடி. அவ்வளவுதான் என் சிங்காரம்.

நாடா ஒட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. அதைச் செய்யாமல் யார் வீட்டுக்குள்ளும் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு மூலையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தட்டில் எந்தப் போத்தல், எந்த ஆணியில் யார் படம் எல்லாம் தெரிய வேண்டும். சாமிப் படங்களை நாங்கள் தொடவே இல்லை. படத்துக்குள் வரவேண்டியிருந்த ஒன்றை மட்டும் வீட்டு அக்காவே எடுத்து உள்ளே வைத்தார்.

இப்போது அந்தச் சுவர். தீபாவளிக்கு அடித்த வெள்ளை, பளீரென்று இருந்தது. வெள்ளைச் சுவர் நமக்கு எதிரி. சுவர் வெளிறாமல் இருக்கட்டும் என்று கேமராக்காரர் வெளிச்சத்தைக் குறைப்பார், அதோடு சேர்ந்து நம் மாநிற முகமும் இருண்டு போகும். மங்கிய நீலமோ பச்சையோ பழுப்போ பின்னால் இருந்தால் முகம் தானாக எழுந்து நிற்கும். ஆனால் குடியிருப்பவர் வீட்டில் சாயம் அடிக்க முடியுமா?

செய்தித்தாள்தான் வழி. அடுப்படிச் சுவரில் பேப்பர் ஒட்டுவது அந்தக் காலத்து வழக்கம்தான். சீனக்கடைக்காரர் பொருள் மடிக்கச் சேர்த்து வைத்திருந்த கட்டில் பழைய தமிழ் நேசன் கிடைத்தது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன பத்திரிகை. எழுத்தைப் பார்த்த உடனே நம் ஆட்களுக்கு வீட்டு நினைவு வந்துவிடும். ஆனால் கட்டில் இருந்ததெல்லாம் 2000க்குப் பிந்தியவை, முதல் பக்கம் முழுக்க வண்ணப் படம், கைப்பேசி விளம்பரம். அவற்றை ஒதுக்கிவிட்டு உள்ளே கறுப்பு வெள்ளையாக இருந்த மரண அறிவிப்பு, கோயில் திருவிழாப் பக்கங்களாகப் பிரித்தெடுத்தேன்.

ஒட்டுவதில்தான் நான் மண்ணைக் கவ்வினேன். அவசரத்தில் முதல் தாளை இரட்டைப் பக்க ஒட்டு நாடாவால் ஒட்டினேன். கோணலாகப் போனதென்று பிரித்தேன். உள்ளங்கை அகலத்துக்குச் சாயம் தாளோடு வந்துவிட்டது! வீட்டு அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதன் பிறகு மரவள்ளிக் கிழங்கு மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, தாளின் மேல் விளிம்பிலும் நான்கு மூலையிலும் மட்டும் தடவினேன். வேலை முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்தால் சுவரை விட்டுச் சமத்தாக வருகிறது. பாலில்லாத கெட்டிக் காப்பியைத் தெளிப்பானில் ஊற்றித் தாள் மேல் அடித்தேன். அடுப்புக்கு மேலே கூடுதலாக, ஓரத்தில் குறைவாக. எல்லா இடத்திலும் ஒரே அளவில் அடித்தால் அழுக்காகத் தெரியாது, சாயம் போட்டது போலத்தான் தெரியும். புகை எங்கே ஏறும், கை எங்கே படும் என்று நினைத்து அடிக்க வேண்டும். மேசை விசிறி வைத்து அரை மணி நேரத்தில் காய வைத்தோம். நடிக்கிறவரைச் சுவரிலிருந்து ஆறடி முன்னே உட்கார வைத்ததால் எழுத்து கலங்கலாகத்தான் விழுந்தது. தேதியைப் படிக்க யாராலும் முடியாது.

பெயர்ந்த சாயத்துக்கு மறுநாள் டப்பாவோடு போனேன். வெள்ளையில்தான் எத்தனை வெள்ளை! ஒட்டுப் போட்ட இடம் தனியாகத் தெரிந்ததால் சுவர் முழுவதும் அடித்துக் கொடுத்தேன், 60 வெள்ளி. ஆக, தலைப்பில் சொன்ன 350 பொய், 410.

காலண்டர் கதை சொல்ல வேண்டும். இந்த நாட்டில், குதிரைப் பந்தய நாட்களைக் குறித்திருக்கும் குதிரைக் காலண்டர் தொங்காத அடுப்படி அபூர்வம். 1987ஆம் ஆண்டுக் காலண்டருக்கு எங்கே போவது? ஆனால் 1987 ஜனவரி 1 வியாழக்கிழமை. 2015 ஜனவரி 1உம் வியாழன், 2026 ஜனவரி 1உம் வியாழன். கிழமையெல்லாம் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தும். அலமாரித் தட்டில் விரித்திருந்த 2015 காலண்டரை எடுத்து, ஆண்டு எண்ணின் மேல் ஓட்டை விழுந்த மாதிரி கிழித்து மாட்டிவிட்டேன். நோன்புப் பெருநாள் சிவப்பு வேறு மாதத்தில் இருக்கும், அது ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வது. அதைக் கண்டுபிடித்து எழுதுகிற மாமா ஒருவர் கண்டிப்பாக இருப்பார். மாமா, உங்களுக்கு முன்கூட்டியே வணக்கம்.

விளக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழல் விளக்கை அணைத்துவிட்டு, பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்ட மஞ்சள் பல்பு ஒன்றை வயரில் தொங்கவிடுங்கள். இரவுச் சந்தையில், அதுதான் பசார் மாலாமில், வாங்கும் மலிவு பல்பில் சில, திரையில் கறுப்புப் பட்டை ஓடவிடும். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று, பல்பு 100 முறை துடிக்கும். கேமராவின் ஷட்டர் வேகத்தை வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு என்று வைத்தால் பட்டை அடங்கும். மூன்று பல்பு வாங்கிப் போய்ச் சோதித்து, நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரையில் ஆணித் துளை வழியாக வெயில் இறங்கினால் சாம்பிராணி போடுங்கள், ஒளி கம்பி கம்பியாக நிற்கும். மழை தகரத்தில் கொட்டினாலும் கவலை இல்லை. பாட்டுத்தானே, அங்கே யார் ஒலி பதிவு செய்கிறார்கள்?

இனி மரம். நம் தோட்டங்களில் ரப்பர் போய்ப் பெரும்பாலும் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை, வந்துவிட்டது. பக்கத்தில் குவாலா கங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் நிற்கிறது. தம்பி அங்கே போய் எடுக்கலாமா என்று கேட்டான். அதன் மேல் கை வைக்க யார் விடுவார்கள்? கடைசியில், லயத்துக்குப் பின்னால் ஒருவர் நிலத்து வேலியோரம் வெட்டிச் சாய்க்காமல் விட்ட ரப்பர் மரம் ஒன்று இருந்தது. சொந்தக்காரர், “படம் எடுங்கள், மரத்தைக் காயப்படுத்தாதீர்கள்” என்றார். சரி என்று களிமண்ணும் காப்பித்தூளும் குழைத்து, வெட்டுக்கோடு மாதிரி சாய்வாகப் பூசினேன். கம்பி கட்டினேன், மங்கை மாட்டினேன். பாலுக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், டின் பாலைத் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். பத்து நிமிடத்தில் எறும்பு ஊர்வலம். கழுவிவிட்டு மர ஒட்டும் வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து ஊற்றினேன். அது சரியான கனத்தில் இறங்கியது.

அப்போதுதான் மங்கின் சொந்தக்காரப் பாட்டி வந்தார். இருபது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் மரத்தைப் பார்த்தார்.

“ஏனம்மா, இந்த மரத்தைக் கண்ணாடியில் பார்த்து வெட்டினாயா?”

நான் கோட்டை வலது மேலிருந்து இடது கீழாக இறக்கியிருக்கிறேன். மரத்துக்கு எதிரே நின்று பார்த்தால் வெட்டு இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் தாழ வேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நிற்பதில்லை, மேலே போகப் போக லேசாக வலப்பக்கம் சாய்ந்திருக்கும். இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால்தான் கூடுதலான குழாய்கள் அறுபட்டுப் பால் நிறைய வடியும். பாட்டிக்குக் குழாய்க் கணக்கெல்லாம் தெரியாது. “இப்படி வெட்டினால் வேலையை மேற்பார்க்கிற தண்டல் உதைப்பார்” என்றார், அதுவும் அதே பொருள்தான். களிமண்ணை வழித்துவிட்டு மறுபடியும் பூசினேன். பாட்டி பக்கத்தில் நின்று, “இன்னும் சாய், இன்னும் சாய், போதும்” என்று விரலால் வழிகாட்டினார். இருபது நிமிடம் போனது. ஆனால் அந்தக் கோட்டோடு படம் வெளியாகியிருந்தால் தோட்டத்தில் வளர்ந்த ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்திருப்பார்கள்.

வீட்டுக்குள்ளும் பாட்டியை அழைத்து வந்தேன். அடுப்படித் தட்டில் அழகாக ஐந்து மங்கு அடுக்கியிருந்தேன், கீழே பால் சுமக்கும் காண்டா வாளி. “இதையெல்லாம் யார் வீட்டுக்குள் வைப்பார்கள்? நாற்றம் குடலைப் புரட்டும், வெளியே தாழ்வாரத்தில்தான் கிடக்கும்” என்று அத்தனையையும் வெளியே தள்ளினார். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது, அந்த மங்கு வரிசை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நான் பாட்டி பக்கம். கடைசியில் வாளி தாழ்வாரத்துக்குப் போனது. நான்கு மங்கு பெட்டிக்குள், இது ஒன்று மரத்தில்.

ஆறரைக்கு, சன்னலோரக் காட்சியில் தம்பி கேமராவை இந்தப் பக்கம் திருப்பலாமா என்று கேட்டான். இந்தப் பக்கம் என்றால் தலைக்கவசம், பொட்டலம், செருப்பு. தரையில் இருந்த நாடாவைக் காட்டினேன். கொஞ்சம் முறைத்துக்கொண்டோம். பிறகு திரைச்சீலையை, ஆமாம் அந்த 80 வெள்ளித் திரைச்சீலையைக் கழற்றி அந்தப் பக்கம் கயிற்றில் கட்டி மறைத்தேன். அதுதான் பாட்டில் வருகிறது, சுருக்கம் சுருக்கமாக.

சரி, பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. இந்த மங்கையும் இப்போதே கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். பாட்டி காலையிலிருந்து மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டார். இதில்தான் பூனைக்குச் சோறு வைப்பாராம். வேறு தட்டில் வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறதாம்.